புகை போகும் வழி

யாழ்ப்பாணத்தில் எங்கள் குசினி வீட்டின் தென்கிழக்கில், அக்கினி மூலையில் இருந்தது. அடுப்புக்கு நேர் மேலே புகைக்கூடு. சோளகம் உரத்து வீசும் நாட்களில் புகை திரும்பி உள்ளே வரும். அம்மா கண்ணைத் துடைத்தபடி ஒரு பக்கக் கதவைச் சாத்துவார். புகை மறுபடி மேலே ஏறும். எந்தக் கதவை எப்போது சாத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சுவிஸில் பேர்ண் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பழைய வீடு வாங்கி, பெலட் அடுப்பு வைக்க நினைத்தபோது, முதலில் மூலையைத்தான் தேடினேன். "இஞ்சருங்கோ, குசினிப் பக்கமே வைப்பம், ஹோல் முழுக்கச் சூடு பரவும்" என்றார் மனைவி. எனக்கும் அது சரியாகவே பட்டது.

பெலட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள சிறு குச்சி. பசை சேர்ப்பதில்லை, மரத்திலுள்ள லிக்னினே இறுக்கிப் பிடிக்கிறது. 2 கிலோ எரித்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் எண்ணெயின் வெப்பம். புகையை மின்விசிறி தள்ளுவதால், சுவரில் துளையிட்டுக் குழாயை வெளியே விட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் அப்படிச் செய்கிறார்கள். இங்கே 1986இல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தூய்மைச் சட்டவிதிப்படி, புகை பொதுவாகக் கூரைக்கு மேலேதான் போகவேண்டும். முகட்டையும் அரை மீட்டர் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் மூடுபனி பள்ளத்தாக்கை மூடிபோல் அமுக்கிக் கிடக்கும். தாழ்வாக விட்ட புகை அயலவரின் யன்னலுக்குத்தான் போகும். இந்த விதி எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

வீட்டின் நடுவே பழைய கல் புகைக்கூடு ஒன்று இருந்தது. பெலட் புகையில் சூடு குறைவு. அகன்ற கூட்டுக்குள் அது குளிர்ந்து நீராகிச் சுவரில் ஊறும். அதனால் உள்ளே ஒடுக்கமான உருக்குக் குழாய் இறக்கவேண்டும் என்றார் பார்க்க வந்த புகைக்கூடு துப்புரவாளர். பிறகு யன்னல்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு, ஏதாவது புகைவது இருக்கிறதா என்று கேட்டார். சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொடுத்தேன். கூட்டின் வாயில் பிடித்தார். புகை நூல்போல் உள்ளே இழுபட்டது. அடுத்து, சமையல் அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சியை முழு வேகத்தில் போட்டார். அந்த நூல் தயங்கி, வளைந்து, எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. யன்னலை ஒரு கையகலம் திறந்தார். திரும்பவும் கூட்டுக்குள் போயிற்று.

மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செத்தல் மிளகாய் வறுக்கும் வீடு இது. உறிஞ்சி ஓடாத நாளில்லை. ஊதுபத்திப் புகையாவது கண்ணுக்குத் தெரிந்தது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிள்ளைகள் படுக்கும் வீடு.

குசினிப் பக்கம் வைக்கும் எண்ணத்தை அன்றே விட்டோம். கூட்டின் மறுபக்கம், மாடிப்படியடியில் வைத்தோம். சூடு படிவழியே தானாக ஏறும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து தனிக் குழாயில் நேரே அடுப்புக்குக் கொண்டுவந்தோம். உறிஞ்சிக்கும் யன்னலுக்கும் ஒரு தொடர்பு ஆளி பூட்டினோம். யன்னல் திறக்காமல் இனி அது ஓடாது. அம்மாவின் கதவு நினைவுக்கு வந்தது.

முதல் நாள் மாலை, பெலட் ஒவ்வொன்றாக நெருப்புக் கிண்ணத்தில் விழும் சத்தம் கேட்டது. வெளியே போய் நிமிர்ந்து பார்த்தேன். முகட்டுக்கு மேலே காற்று மட்டும் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி வழக்கம்போல மாடி யன்னலை அகலத் திறந்து, போர்வையை உதறிக் காற்றாட விட்டுக்கொண்டிருந்தார்.