வெறுங்கால் சொன்ன கதை

விளையாட்டு வீரரின் படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது யாது? கையில் வெள்ளிக் கோப்பை, கழுத்தில் பதக்கம், பின்னால் ஒரு திரைச்சீலை. அத்தகைய படம் வெற்றியை அறிவிக்கும். ஆனால் வென்றவர் எங்கிருந்து புறப்பட்டார், எவற்றைக் கடந்து வந்தார் என்பதைச் சொல்லாது. அறிவிப்பு வேறு, கதை வேறு.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது மாமல்லபுரத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம். மீனவர் குடும்பத்தில் பிறந்த கமலி மூர்த்தி என்னும் சிறுமி, ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகையின்மீது நின்று சறுக்கிச் செல்கிறாள். காலில் செருப்பு இல்லை, உடலில் விளையாட்டு உடை இல்லை, சாதாரணக் கவுன்தான். அமெரிக்க வீரர் ஜேமி தாமஸ் எடுத்த அப்படத்தை, அவ்விளையாட்டில் உலகப் புகழ் பெற்ற டோனி ஹாக் இணையத்தில் பகிர, பல நாட்டாரும் கண்டு வியந்தனர். பின்னர் சாஷா ரெயின்போ என்னும் இயக்குநர் 'கமலி' என்ற குறும்படத்தை உருவாக்கினார். 2020-ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு அது பரிந்துரைக்கப்பெற்றது.

அந்த வெறுங்கால் என்ன சொல்கிறது? தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது வறுமையாகத் தோன்றலாம். நம் கடற்கரையிலோ வலை இழுப்போரும் படகு தள்ளுவோரும் வெறுங்காலுடன்தான் மணலில் ஊன்றி நிற்கின்றனர். அவர்களுக்குப் பாதம் ஒரு தொழிற்கருவி. பலகையைப் பற்றி நிற்கும் அவ்விரல்களைக் கண்டு இரங்குவதா, வியப்பதா? இரக்கம் மேலோங்கினால் வீராங்கனை மறைந்து, ஏழைச் சிறுமி மட்டுமே எஞ்சுவாள். கதை சொல்லும் படத்துக்கு நேரக்கூடிய பெரும் ஆபத்து இதுவே.

இதற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அதே ஊரின் பெரும்பாறைச் சிற்பத்தில், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு தவசியைச் செதுக்கியிருக்கிறான். ஒற்றைக் காலில் நின்று, கைகளை உயர்த்தி, விலா எலும்புகள் தெரிய நிற்கிறான் அத்தவசி. அர்ச்சுனன் என்பாரும் உளர். பகீரதன் என்பாரும் உளர். யாராயினும், அந்த எலும்புகளைக் கண்டு "ஐயோ, பாவம்" என்று எவரும் சொல்வதில்லை. மெலிவை மறைக்காமலே மன உறுதியைக் காட்டிவிட்டான் சிற்பி. புகைப்படக்காரன் கற்க வேண்டிய பாடம் அதுவன்றோ?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அக்கடற்கரைக்குக் காமிராவுடன் செல்வது என் வழக்கம். அங்கே கதிரவன் கடலிலிருந்து எழுவதால், காலையில் அலைச்சறுக்கு வீரர்கள் கரிய நிழலுருவாகவே தெரிவர். பிற்பகலில் நிலப்பக்கத்து ஒளி அவர்கள் முகத்தில் விழும். அப்போதுதான் களைப்பும் களிப்பும் புலப்படும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் நீர்த்துளியும் உறைந்து நிற்கும். முப்பதில் ஒரு பங்காக்கி, வீரரோடு காமிராவையும் நகர்த்தினால் பின்னணி கோடுகளாக ஓடி வேகத்தை உணர்த்தும். ஆயினும் கருவியின் திறமை இதோடு முடிந்துவிடுகிறது. பயிற்சி முடிந்து, பலகையைக் கக்கத்தில் இடுக்கி, ஈரத்தோடு படகுகளுக்கிடையே நடந்து வரும் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பவனுக்கே கதை கிட்டும். அதற்கு முன் அவர்களோடு பேசிப் பழகவேண்டும். படமெடுக்க இசைவு கேட்கவேண்டும். சிறுவர் எனில் பெற்றோரையும் கேட்கவேண்டும்.

கமலி பின்னர் அலைச்சறுக்கிலும் சிறந்து, தேசியப் போட்டிகளில் வெற்றி பெற்றார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடைபெற்றது. படத்திலுள்ள சிறுமி அப்படியே இருக்கிறாள், கமலியோ வளர்ந்துவிட்டார். நாம் எடுக்கும் படத்தை அதில் இருப்பவரே பல்லாண்டு கழித்துப் பார்க்க நேரும். அன்று அவர் தலைகுனியாமல், "ஆம், இது நான்தான்" என்று பெருமையுடன் சொல்லவேண்டும்.