பம்பருக்கு வெந்நீர், கதவுக்கு?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காரை நிறுத்திவிட்டு வந்தால் ஒரு நெளிவு இலவசம்! 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன மாருதி 800-ஐ இன்னும் ஓட்டுகிறவருக்கு மாத பட்ஜெட்டே ஆட்டம் கண்டுவிடும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இதற்குப் பத்துப் பைசா தராது. ஃபுல் பாலிசியில் க்ளெய்ம் போட்டாலோ, ஐந்து வருடம் க்ளெய்மே போடாமல் சேர்த்த 50 சதவீத போனஸ் காலி.

சரி, மேட்டருக்கு வருவோம். பிளாஸ்டிக் பம்பர் என்றால் வெந்நீர் ஊற்றி, கையுறை மாட்டி உள்ளிருந்து அழுத்தினால் பெரும்பாலும் எழும்பிவிடும். தகரக் கதவுக்கு இது வேலைக்காகாது. உள்ளே கை நுழைந்தால் மரக்கட்டை கொடுத்து மெல்லத் தட்டி, மிச்சப் பள்ளத்துக்கு மட்டும் பட்டி. காய்ந்ததும் உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட். தட்டச் சோம்பல்பட்டு மொத்தப் பள்ளத்தையும் பட்டியாலேயே ரொப்புகிறவர்கள்தான் கடைசியில் டிங்கரிங் பட்டறையில் நிற்கிறார்கள். கனமாகப் பூசினால் வெடிக்கும், தண்ணீர் இறங்கும், அப்புறம் துருதான்.

பெயிண்ட் உரியாத சின்னக் குழியா? அப்படியே விட்டுவிடலாம் :)