மஞ்ச ஆப்பிளுக்கு ஒரு ஜே!

மாம்பழம் வாங்கப் போனா நாம என்ன கேட்போம்? செந்தூராவா, மல்கோவாவா, இமாம்பசந்தான்னு ஜாதகமே பார்ப்போம். அதே ஆள் ஆப்பிள் வாங்கப் போனா? "சிம்லா இருக்கா, காஷ்மீர் இருக்கா?" அவ்ளோதான். ரகம் பேரு கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சிவப்பா, பளபளன்னு இருந்தா ஓ.கே., பில் போடு!

இந்த சிவப்பு மோகத்தால நாம எதை மிஸ் பண்றோம்னு தெரிஞ்சுக்க, நான் சிம்லாவுக்கே போக வேண்டியிருந்தது. செப்டம்பர்ல எங்க காலேஜ் ஐ.வி. பேருதான் இண்டஸ்ட்ரியல் விசிட்... மத்தபடி மேட்டர் உங்களுக்கே தெரியும்! கடைசி ரெண்டு நாள் ஃப்ரீ. கிளாஸ்ல பாதி பேர் மால் ரோட்டுக்கு ஸ்வெட்டர் பேரம் பேசப் போயிட்டாங்க, மீதி குஃப்ரிக்குக் குதிரை ஏறப் போயிட்டாங்க. நாங்க நாலு பேர் மட்டும் தானேதார் பஸ்ல ஏறினோம்.

சிம்லாவிலேர்ந்து 80 கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஊர்ல ஒன்றரை மணி நேரம், அங்கே மலைப் பாதையில மூணரை மணி நேரம். நார்கண்டா சுமார் 2,700 மீட்டர் உயரம். நம்ம தொட்டபெட்டாவையே கொஞ்சம் தாண்டிடுது. அங்கே தேவதாரு மரங்களுக்கு நடுவுல வளைஞ்சு இறங்கினா, ரெண்டு பக்கமும் ஆப்பிள்... ஆப்பிள்... ஆப்பிள்! ஆலங்கட்டி மழைக்குப் பயந்து மரங்களுக்கு மேல வலை கட்டியிருக்காங்க. பள்ளத்துல இருக்கற தோட்டத்திலேர்ந்து பெட்டிங்க கம்பியில தொங்கிக்கிட்டே ரோட்டுக்கு வருது. மெக்கானிக்கல் மக்களே, கப்பி, கம்பி, ஒரு மோட்டார், அவ்ளோதான் டிசைன்!

இந்த ஊருக்கு ஆப்பிளைக் கொண்டு வந்து சேர்த்தவர் ஒரு அமெரிக்கர். சாமுவேல் ஸ்டோக்ஸ். ஃபிலடெல்ஃபியாவின் வசதியான வீட்டுப் பையன். 1904-ல தொழுநோயாளிகளுக்கு சேவை செய்ய இந்தியா வந்தவர் திரும்பிப் போகலை. இந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் பண்ணிக்கிட்டார். மலை மக்களிடம் கூலியில்லாம வேலை வாங்கின 'பேகார்' முறையை எதிர்த்துப் போராடினார், 1921-ல ஜெயிலுக்கும் போனார். பின்னாடி இந்துவாகி சத்யானந்த் ஸ்டோக்ஸ் ஆனார். அவர் கட்டின கோயில் தானேதார்ல இன்னும் இருக்கு.

அவருக்கு முன்னாடியே குலு பக்கம் வெள்ளைக்காரங்க ஆப்பிள் போட்டிருந்தாங்க. ஆனா அதெல்லாம் பிப்பின் மாதிரியான இங்கிலாந்து ரகங்கள், புளிப்புத் தூக்கல். நம்ம ஆளுங்களுக்குப் பழம்னா இனிக்கணுமே! ஸ்டோக்ஸ் அதைப் புரிஞ்சுக்கிட்டு, 1916-ல அமெரிக்காவின் ஸ்டார்க் பிரதர்ஸ் நர்சரியிலேர்ந்து 'ரெட் டெலிஷியஸ்' கன்றுகளை வரவழைச்சு நட்டார். கூடவே பின்னாடி வந்தது 'கோல்டன் டெலிஷியஸ்'. பேரைப் பார்த்து அண்ணன் தம்பின்னு நினைச்சுடாதீங்க. சிவப்பு பிறந்தது அயோவா மாநிலத்துல, மஞ்சள் பிறந்தது மேற்கு வர்ஜீனியாவுல. ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சேர்த்து விக்கறதுக்காக நர்சரி வெச்ச ஜோடிப் பேருதான் அது!

சிவப்பு ஹீரோ ஆயிடுச்சு. அங்கே அதை 'ராயல்'ங்கறாங்க. நாம 'சிம்லா ஆப்பிள்'னு வாங்கறது பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். மஞ்சளுக்குக் கிடைச்சது சைடு ரோல். ஏன்னு கேளுங்க. கோல்டனுக்குத் தோல் மெலிசு. சட்டுனு அடிபடும், மேல பழுப்புச் சொரசொரப்பு படியும், ஸ்டோர்ல வெச்சா சுருங்கும். மண்டியில கலரும் சைஸும் பார்த்துத்தான் ரேட். அங்கே மஞ்சள் போய் நின்னா எப்படி இருக்கும்? கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கசங்கின சட்டையோட போனவன் கதைதான்!

ஆனா பாஸ், இங்கேதான் ட்விஸ்ட். ஆப்பிள் பூ தன் ரகத்து மகரந்தத்தாலே காய்க்காது. வேற ரகத்து மகரந்தம் கண்டிப்பா வேணும். அந்த மகரந்தம் குடுக்கறதுக்காகத்தான் ராயல் தோட்டத்துல அங்கங்கே கோல்டன் மரம் நிக்குது. மஞ்ச மரம் போதலைன்னா, ஏப்ரல்ல அதோட பூங்கொத்தை வெட்டித் தண்ணிக்குள்ள வெச்சு, சிவப்பு மரத்துல கொண்டு போய்க் கட்டுவாங்க. ஆக, மஞ்சள் பூக்கலைன்னா சிவப்புக்குக் காய்ப்பே இல்லை. மண்டியில விலை குறைச்சலா போறதும் அதே மஞ்சள்தான்!

நாங்க தங்கின வீட்டு அம்மா, காலையில ரொட்டிக்கு ஒரு மஞ்ச மசியல் வெச்சாங்க. 'ஆப்பிள் சாஸ்'னாங்க. அமெரிக்க வீடுகள்ல குழந்தைக்கு ஊட்டறதுலேர்ந்து பன்றிக்கறிக்குத் தொட்டுக்கறது வரைக்கும் எல்லாத்துக்கும் இதுதான். "எவ்ளோ சர்க்கரை போட்டீங்க?"ன்னு எங்க தோடா தோடா ஹிந்தியில கேட்டோம். சர்க்கரையே இல்லைன்னுட்டாங்க. நாங்க நம்பலை. அவங்க சிரிச்சுக்கிட்டே மூணு சின்னப் பாத்திரத்தை எடுத்து வெச்சு, "பண்ணிப் பாருங்க"ன்னுட்டாங்க. லேப் ரெடி!

முதல் பாத்திரம், ராயல் மட்டும். இனிப்பா இருந்தது, ஆனா சப்புனு இருந்தது. காய்ச்சல்காரனுக்குக் குடுக்கற கஞ்சியில சர்க்கரை போட்ட மாதிரி. காரணம் சிம்பிள். ஆப்பிளுக்கு உயிர் மாலிக் அமிலம். ராயல்ல அது குறைவு. பச்சையா கடிக்கும்போது மொறுமொறுப்பு அந்தக் குறையை மறைச்சுடும். வேக வெச்சா மொறுமொறுப்பு போயிடுது, குட்டு உடைஞ்சுடுது!

ரெண்டாவது, கிரானி ஸ்மித் மட்டும். நம்ம கடைகள்ல 'கிரீன் ஆப்பிள்'னு விக்கறாங்களே, அதேதான். வாசனை தூள். ஆனா வாயில வெச்சதும் ஒரு கண்ணு தானா மூடிக்குது. சர்க்கரை கேட்டு அடம் பிடிக்கற ஜாதி.

மூணாவது, கோல்டன் மட்டும். தானா குழைஞ்சுது, தேன் கலர்ல வந்தது. இனிப்பும் இருக்கு, மெல்லிசா ஒரு புளிப்பும் இருக்கு. சர்க்கரை டப்பாவை யாருமே தேடலை.

கடைசியா அந்த அம்மா மூணையும் கலந்தாங்க. கோல்டன் பெரும்பங்கு, ராயல் கொஞ்சம், கிரானி ஸ்மித் அதைவிடக் கொஞ்சம். பாத்திரம் ரெண்டு நிமிஷத்துல காலி! இனிக்க ஒண்ணு, குழைய ஒண்ணு, சுள்ளுனு தூக்கி விட ஒண்ணு. ஆப்பிள் சாஸுக்கு ஆப்பிள் பொறுக்கறதுல இருக்கற மொத்த சூத்திரமும் இவ்வளவுதான்.

இன்னொண்ணும் கவனிச்சேன். அவங்க கூடையில இருந்ததுல ஒரு பழம்கூட அழகா இல்லை. ஆலங்கட்டி அடிச்சது, தானா விழுந்தது, புள்ளி விழுந்தது. இதுக்கெல்லாம் அங்கே 'சி கிரேடு'ன்னு பேரு. அரசாங்கம் இதைக் கிலோ கணக்குல கொள்முதல் பண்ணுது. 2023-ல விலை கிலோவுக்கு 12 ரூபாய். நாம டவுன் பஸ்ல ஒரு தடவை ஏறி இறங்கற காசு! அப்படி வாங்கறதுல ஒரு பங்கு எச்.பி.எம்.சி. என்கிற அரசு நிறுவனத்தின் பர்வாணு ஃபேக்டரிக்குப் போய் ஜூஸ் ஆகுது. ஒரு ராத்திரி ஆலங்கட்டி மழை, ஒரு வருஷ உழைப்பை அட்டைப் பெட்டியிலேர்ந்து சாக்கு மூட்டைக்குத் தள்ளிடுது. உள்ளே சுவை அப்படியேதான் இருக்கு. மேல ஒரு புள்ளி, அவ்ளோதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கோல்டன் இங்கே லேசுல கிடைக்காது. கவலை வேண்டாம். மூணு பங்கு சிம்லா ஆப்பிள், ஒரு பங்கு கிரீன் ஆப்பிள். இந்தக் கூட்டணியே நல்லா ஓடும். சிம்லா கொஞ்சம் மாவா, வெதுக்குனு இருந்தாலும் விடாதீங்க. செங்கல்லுக்கு நடுவுல சிமென்ட் மாதிரி, பழத்தோட செல்களை ஒட்டி வெச்சிருக்கற பெக்டின் கரைஞ்சு போயிருக்கும். அதனாலதான் மாவு மாதிரி இருக்கு. கடிச்சுத் தின்ன நல்லா இருக்காது. சாஸுக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி! கடைக்காரர் ஓரமா ஒதுக்கி வெச்ச பழத்தை விலை குறைச்சுக் கேளுங்க, சந்தோஷமா குடுப்பார். அழுகல், பூஞ்சை பிடிச்சது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு கிலோ பழத்தைத் தோல் சீவி, விதையை எடுத்துட்டு, துண்டு போடுங்க. பழுப்பாகாம இருக்க ரெண்டு சொட்டு எலுமிச்சை. அடிகனமான பாத்திரத்துல அரை டம்ளர் தண்ணி விட்டு, மூடி வெச்சு, சின்னத் தீயில இருபது நிமிஷம். நடுநடுவுல கிளறி விடுங்க. பிரஷர் குக்கர் மட்டும் கூடாது. இது நுரைச்சுக்கிட்டு மேல வந்து வெயிட் போடற துவாரத்தை அடைச்சுடும். வெந்ததும் மத்தால மசிச்சு, அதுக்கு அப்புறம் ருசி பாருங்க. சர்க்கரை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டிய நேரம் இதுதான், முன்னாடியே கொட்டிடாதீங்க. ஒரு சிட்டிகை பட்டைத் தூள் போட்டா வாசம் பக்கத்து வீடு வரைக்கும் போகும். ஃப்ரிட்ஜுல வெச்சா ஒரு வாரம் தாங்கும்.

அந்த அம்மா ரொட்டிக்குத் தொட்டுக்கக் குடுத்தாங்க. நான் வீட்டுக்கு வந்து செஞ்சப்போ நெய் தோசைக்குத் தொட்டுக்கிட்டேன். சட்னி வைக்கலைன்னு அன்னிக்கு யாரும் எங்கம்மாவைக் கேட்கலை!