பெயர் ஒன்று, உயிர் வேறு

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம் என்றோர் ஊர் உண்டு. மதுரை மாவட்டத்திலும் அதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு. பழந்தமிழ்க் கல்வெட்டுகளால் அறிஞர் நன்கறிந்த ஊர் அது. இவ்விரண்டனுள் எதற்குக் கடிதம் எழுதினும் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். இன்றேல் கடிதம் ஊர் மாறி அலையும். ஊர்களுக்கு நேரும் இவ்விடர் உயிர்களுக்கும் நேர்வதுண்டு.

அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையைப் பற்றித் தலைகீழாய்த் தொங்கி, மிக மெல்ல அசையும் விலங்கொன்று வாழ்கிறது. அதனை ஸ்லாத் என்பர். அக்காடுகளிலேயே புற்றைப் பிளந்து, நீண்ட நாவால் எறும்பை வாரியுண்ணும் எறும்புத்தின்னியும் வாழ்கிறது. இவ்விரண்டையும் விலங்கு நூலார் பைலோசா என்னும் ஒரே வரிசையில் வைத்தனர். மயிரடர்ந்தது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பாதையோரத்தே நடப்பவரின் ஆடையில் கரிய ஊசி போன்ற விதைகள் தைத்துக்கொள்ளும். அக்களைச்செடியின் பெயர் பைடென்ஸ் பைலோசா. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியதே! எனினும் ஸ்லாத்துக்கும் களைக்கும் உறவேதும் இல்லை. விலங்கிற்கு அது குலப்பெயர். செடிக்கோ வெறும் அடைமொழி.

அடைமொழியன்றி முதற்பெயரே ஒன்றாதலும் உண்டு. ஆலும் அரசும் அத்தியும் பைகஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அத்திப்பழ வடிவில் ஓடுடைய கடல் நத்தைக்கும் பைகஸ் என்றே பெயர். செடிகளுக்குப் பெயரிடும் விதிநூல் வேறு, விலங்குகளுக்குரிய விதிநூல் வேறு. ஆதலின் ஒன்றன் பெயரை மற்றொன்று தடுப்பதில்லை.

விதியறிந்து ஒரு பெயரை இருவர்க்கு இடுதலால் கேடில்லை. ஒருவரை மற்றொருவராகக் கருதிப் பெயரிடுதலே கேடு. 1791ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கில அறிஞர் நம் நாட்டுக் கரடியை ஆராய்ந்தார். அதன் நீண்ட வளைந்த நகங்களையும், மேல்வாயின் நடுவே முன்பற்கள் இல்லாமையையும் கண்டு, அதனை ஸ்லாத் இனத்தில் சேர்த்துவிட்டார். பின்வந்தோர் அது கரடியே எனத் தெளிந்தனர். ஆயினும் ஆங்கிலத்தில் அதன் பெயரில் ஸ்லாத் என்னும் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரடியைக் கரடி என்றே அழைத்த நம் சிற்றூர் மக்களுக்கு இத்தடுமாற்றம் நேர்ந்ததில்லை.

ஆனால் நாமும் ஒரு தவறு செய்தோம். நம் நாட்டு வறண்ட காடுகளில் இராப்பொழுதில் இரைதேடும் செதிலுடைய விலங்கிற்கு அழுங்கு என்னும் நல்ல பெயர் இருக்க, எறும்புத்தின்னி என்றும் வழங்கலானோம். அதற்கும் பல் இல்லை. நீண்ட நா உண்டு. இரையும் எறும்பும் கறையானுமே. முன்னாளில் அறிஞர்களும் ஸ்லாத், எறும்புத்தின்னி, அழுங்கு ஆகிய மூன்றையும் பல்லற்றவை என ஒரு கூட்டமாக்கினர். ஒத்த உணவு ஒத்த உடலைத் தந்ததேயன்றிக் குலம் ஒன்றன்று. நாய், பூனை முதலிய ஊனுண்ணிகளே அழுங்கிற்கு நெருங்கிய உறவினர் என்பதை மரபணு ஆய்வு காட்டிவிட்டது.

பெயர் மயக்கத்தால் விளைந்த இழப்பொன்று உண்டு. எறும்புத்தின்னி என்றவுடன், பாடநூலில் கண்ட மயிரடர்ந்த அமெரிக்க விலங்கே சிறுவன் நினைவில் எழுகிறது; தன் நாட்டுக் குன்றடியில் வாழும் அழுங்கு எழுவதில்லை. செதிலில் மருந்து உண்டென்னும் பொய்ந்நம்பிக்கையால் அதனைக் கொல்வோர் பலர். அச்செதிலோ நம் நகத்தின் பொருளாலேயே ஆனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டில் பன்னாட்டு வணிகத்தையும் தடைசெய்ய உலக நாடுகள் முடிவு செய்தன. அழுங்கு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். பகை கண்டால் ஓடாது. உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். சிறுத்தையின் பல்லும் அச்செதிலில் எளிதிற் பதியாது. மனிதனோ அப்பந்தை அப்படியே எடுத்துச் சாக்கில் இட்டுக்கொள்கிறான்.