உடம்பு என்னும் பாடநூல்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். கல்லூரியின் பெருமைகளை எடுத்துரைக்க வல்லார் பலர் உளர். யாமோ இங்கே படித்து, பின்னர் இதன் ஆரம்பப் பிரிவிலே பல்லாண்டு கற்பித்து ஓய்ந்தவர். ஆதலின், சிறுவருக்கு உடம்பைப் பற்றிக் கற்பித்த வகையையும், அதனிடையே யாம் இழைத்த பிழையொன்றையும் இங்கு எழுதத் துணிந்தோம்.

யாம் மாணவராயிருந்த நாளில் வகுப்பறைச் சுவரில் எலும்புக்கூட்டுப் படமொன்று தொங்கும். ஆசிரியர் பிரம்பினாற் சுட்டிக் காட்ட, “வளர்ந்த மனிதனின் எலும்புகள் 206” என்று ஒருமித்து ஒப்புவிப்போம். சோதனையிற் புள்ளிகளும் நிறையவே கிடைத்தன. ஆயினும், அவ்வெலும்புகள் வாங்கிலே அமர்ந்திருந்த எம்முள்ளும் உள்ளன என்னும் எண்ணம் ஒருநாளும் எழுந்ததில்லை.

உடம்பைத் தமிழிற் கற்பித்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே நம் இளைஞருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் பயிற்றினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூல் 1872 இல் வெளிவந்தது. சொற்கள் அன்றே நம்மிடம் இருந்தன. அவற்றைச் சிறுவர் தொட்டறியும் வழியே வேண்டியிருந்தது.

ஆசிரியரானபின் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளின் கைகளிலிருந்தே பாடத்தைத் தொடங்கினோம். பெருவிரலில் இரண்டு, ஏனைய விரல்களில் மும்மூன்று என எலும்புகளை அழுத்தியழுத்தி எண்ணினர். மணிக்கட்டையும் சேர்த்தால் ஒரு கைக்கு 27 என்றபோது தங்கள் கைகளையே புதிதாய்ப் பார்த்தனர். கோழிக்கால் எலும்பை வினாகிரியில் ஊறவிட்டோம். சில நாளில் சுண்ணாம்புச் சத்துக் கரைந்து, எலும்பு வளைந்தது. சிறுகுடலின் நீளம் இதுவென்று 20 அடிக் கயிற்றை விறாந்தையிலே நீட்டினோம். ஒருவன் அதனைச் சுருட்டித் தன் வயிற்றோடு வைத்துப் பார்த்தான்.

1816 இல் பாரிஸ் நகர வைத்தியர் லெனெக், ஒரு பெண்ணின் மார்பிலே காதை வைக்கக் கூசி, கடதாசியைக் குழலாய்ச் சுருட்டி இதயவொலி கேட்டார். அக்கதையைச் சொல்லி, எம் பிள்ளைகளும் கடதாசி சுருட்டினர். “சேர், இவனுக்குள்ளே ஆரோ கதவு தட்டுகினம்!” என்று ஒரு சிறுவன் கூவியது இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

இனி எம் பிழைக்கு வருவோம். அவ்வகுப்பில் மெலிந்த மாணவன் ஒருவன் இருந்தான். தேகப்பயிற்சியில் எப்போதும் பின்தங்குவான், பாதியிலே நின்றுவிடுவான். அவனைச் சோம்பேறியென்று பலர் முன்னிலையில் ஏசினோம். ஒருமுறை, மீண்டும் மைதானத்தைச் சுற்றி ஓடிவரவும் பணித்தோம்.

சுவாசப்பைப் பாடத்துக்காக, அடி வெட்டிய போத்தலினுள்ளே சோடா குடிக்கும் குழலொன்றில் பலூனைக் கட்டித் தொங்கவிட்டு, அடிப்பாகத்தை இறப்பர்த் தாளால் மூடினோம். தாளைக் கீழே இழுக்கப் பலூன் உப்பியது, விடச் சுருங்கியது. பிரிமென்றகட்டின் தொழில் இதுவென விளக்கினோம். அப்போது அம்மாணவன் எழுந்து, எஞ்சிக் கிடந்த குழலொன்றை வாயில் வைத்து, மூக்கைப் பொத்தி மூச்சிழுத்துக் காட்டினான். “ஓடினால் எனக்கு இப்பிடித்தான் சேர்” என்றான்.

ஏனையோரும் செய்து பார்த்தனர், யாமும் செய்தோம். அரை நிமிடத்துக்குள் எல்லோரும் குழலை எறிந்துவிட்டோம். அவனால் எறிய முடியாதே என்று அப்போதுதான் எமக்கு உறைத்தது.

அது தொய்வு நோய். மூச்சுக் குழாய்களைச் சூழ்ந்த தசைகள் இறுகி, உட்புறம் வீங்கிச் சளியும் சேர, வழி ஒடுங்குகின்றது. தந்தையாரை அழைத்துப் பேசினோம். அவர் மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். உரிய மருந்தை உறிஞ்சத் தொடங்கியபின் அவன் மெல்ல மெல்ல விளையாட்டிற் சேர்ந்தான். ஏசிய அவ்வகுப்பின் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். மூச்சு முட்டும் நாள்களில் அவனுடைய புத்தகப் பையைச் சுமக்கத் தோழர் தம்முள் முறைவைத்துக்கொண்டனர். அதனை யாம் கற்பிக்கவில்லை.

உடம்பை ஆலயமெனக் கண்ட திருமூல நாயனாரின் வழிவந்தவர் நாம். தன்னுடம்பைத் தொட்டறிந்த பிள்ளை பிறனுடம்பின் நோவையும் அறிகின்றான். இளம் ஆசிரியர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே: பிள்ளைகளின் கையிற் பொருளைக் கொடுங்கள், கொடுத்தபின், அவர்கள் உங்களுக்குக் காட்ட விரும்புவதைப் பார்க்கச் சற்றே பொறுத்திருங்கள்.

நம் கல்லூரி நீடூழி வாழ்க!