மாரான் பயணமும் பின்னால் வரும் வண்டியும்

பங்குனி உத்திரம் நெருங்கினால் தோட்டப்புறங்களில் மாரான் பேச்சுதான். பகாங் மாநிலத்தில் இருக்கும் மரத்தாண்டவர் ஆலயத்திற்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பக்தர்கள் திரள்வார்கள். சாலை போட்டவர்கள் அங்கிருந்த ஒரு மரத்தை வெட்டாமல் விட்டார்கள் என்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டால் கோம்பாக்கைத் தாண்டியதும் மலை ஏற்றம். கெந்திங் செம்பாவில் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். பிறகு புக்கிட் திங்கி, பெந்தோங், காராக் என்று சாலை இறங்கிப் போகும். காராக்கிலிருந்து 2004-இல் திறக்கப்பட்ட கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் விரைந்து போகலாம். ஊர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பழைய சாலையில் மெந்தகாப், தெமர்லோ வழியாகப் பகாங் ஆற்றைக் கடந்து செல்லலாம்.

அண்டா, அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, காவடி, பாய் எல்லாவற்றையும் ஏற்றினால் வேனில் ஆளுக்கு இடமிருக்காது. அதனால் சிறிய டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் உண்டு. தோட்டத்தில் டிரெக்டர் இழுக்கிறதே, அதுபோலத்தானே என்று எண்ணிவிடக் கூடாது. டிரெக்டர் மெதுவாகப் போவது. நெடுஞ்சாலையில் வேன் போகும் வேகம் வேறு.

முதலில், உங்கள் வண்டி எத்தனை கிலோ இழுக்கும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். டிரெய்லரின் எடையும் சாமான்களின் எடையும் சேர்ந்து அந்த அளவுக்குள் இருக்க வேண்டும். இழுவைக் கொக்கியை வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்த வேண்டும். பம்பரில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வரும்.

அடுத்து, கொக்கியின் இரும்பு உருண்டை. 2 அங்குல உருண்டையும் 1⅞ அங்குல உருண்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். 2 அங்குல மூடியைச் சிறிய உருண்டையில் மாட்டினால் மேடு பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். அளவு இரண்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும்; படித்துப் பார்த்து வாங்குங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் இணைப்பின் அடியில் குறுக்காக மாட்டுங்கள். இணைப்பு கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கும். பிரேக் விளக்கும் சைகை விளக்கும் டிரெய்லரிலும் எரிய வேண்டும்.

சாமான் ஏற்றுவதிலும் முறை உண்டு. கனமானவை சக்கரத்திற்குச் சற்று முன்னால் இருக்கட்டும். மொத்தம் 400 கிலோ என்றால் ஏறக்குறைய 40 கிலோ கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். ஆனால் கையேடு சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. பின்புறம் கனத்தால் டிரெய்லர் வால் ஆட்டும், வண்டியையே திருப்பிவிடும். அப்படி ஆடினால் பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

கெந்திங் செம்பா இறக்கத்தில் சிறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். காராக்கில் தேநீருக்கு நிறுத்தும்போது கொக்கி, சங்கிலி, டயர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். புறப்படும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவில் டிரெய்லருக்கான விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எவ்வளவு நெருக்கடியானாலும் பிள்ளைகளை டிரெய்லரில் ஏற்றாதீர்கள். அது அண்டாவுக்கும் அரிசிக்கும் உரிய இடம். முருகன் துணையிருப்பான், கொக்கியைப் பூட்ட வேண்டியது நாம்தான்.