பழைய கிடாரைத் தேற்றுவதா, நல்லதாக ஒன்று வாங்குவதா?

எங்கள் கலைக்குழுவில் மூன்று வாரமாக ஓடிய விவாதம் இது. குழுவின் கையிருப்பு 14,000 ரூபாய். எங்களிடம் இருக்கும் எலக்ட்ரிக் கிடார், படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் போன ஒரு அண்ணனிடம் 3,500 ரூபாய்க்கு வாங்கியது. அதற்கே புது பிக்கப், புது ட்யூனிங் கீ எல்லாம் மாட்டி மேடைக்குத் தேற்றிவிடலாம் என்றார்கள் பாதிப் பேர். அந்தப் பணத்தை அப்படியே வைத்திருந்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து, நல்லதாக ஒன்று வாங்கலாம் என்றார்கள் மீதிப் பேர். இதே கேள்வி உங்கள் குழுவிலும் வரக்கூடும் என்பதால் நாங்கள் யோசித்ததை எழுதி வைக்கிறோம்.

முதலில், பறை இருக்கும்போது கிடார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் எலக்ட்ரிக் கிடாரும் ஒன்றாக ஒலித்தன. கிடார் அங்கே விருந்தாளியாக வரவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ்தான் எலக்ட்ரிக் கிடாரைப் பேச வைத்தது. 1972-இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது யாரைப் பார்த்து என்பது நமக்குத் தெரியும். அந்த உறவு இசையிலும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மலிவு கிடாரில் உண்மையில் என்ன கோளாறு? சத்தம் நன்றாக இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்வது. அது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை, அது வாசிக்கிறவரை ஏமாற்றுகிறது.

எங்கள் குழுவில் முதலாமாண்டு படிக்கும் ஒரு தங்கை இரண்டு மாதம் அந்தக் கிடாரோடு போராடினாள். விரல் நுனி கன்றிப்போனது. ட்யூன் செய்து இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் சுருதி இறங்கிவிடும். கீழே சரியாக இருக்கும் சுருதி, கழுத்தில் மேலே போகப் போகப் பிசகும். ஒருநாள், "எனக்கு இது வராதுக்கா, விட்டுடுறேன்" என்று கிடாரைக் கீழே வைத்துவிட்டாள். குழுவின் மூத்த அக்கா அந்தக் கிடாரை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார். அவர் பார்த்ததும் சொன்னார்: கம்பிகள் ஃபிரெட்டுக்கு மேலே இருக்க வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கின்றன, இதில் யார் வாசித்தாலும் கை வலிக்கும் என்று.

இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறோம். கருவி கோணலாக இருந்தது. அவள் தன் கையைச் சந்தேகித்தாள். ஆய்வகமே இல்லாத பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்த்து 'தகுதி' பற்றிப் பாடம் எடுக்கிறார்களே, அதே கணக்குதான் இது. கோளாறு கருவியில் இருக்கும், பழி நம் மேல் விழும். கொஞ்ச நாளில் நாமே அதை நம்பத் தொடங்கிவிடுவோம்.

ஆகவே வாங்குவதா தேற்றுவதா என்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் செட்டப். கழுத்துக்குள் டிரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகளின் இழுவிசையால் கழுத்து முன்பக்கம் வளையும். டிரஸ் ராடை முடுக்கினால் நிமிரும். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கம்பியை ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். நடுவில், ஏழெட்டாவது ஃபிரெட் பக்கம், ஒரு தாள் நுழையும் அளவுக்கு மட்டுமே இடைவெளி தெரிய வேண்டும். பிறகு பாலத்தில் கம்பியின் உயரத்தைக் குறைக்க வேண்டும். கடைசியாக, 12-ஆவது ஃபிரெட்டை அழுத்தி வாசித்த ஒலியும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ட்யூனரில் பார்க்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் முன்னால்.

பறையை நெருப்பில் காட்டித் தோலை இறுக்கிய பிறகுதானே அடிக்கத் தொடங்குகிறோம்? காயாத பறையை அடித்துவிட்டு ஆட்டக்காரரைக் குறை சொல்வோமா? கிடாருக்கும் அதே நியாயம்தான். ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் அடுத்த முறை நாமே செய்யலாம். டிரஸ் ராடை மட்டும் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாதீர்கள்.

எங்களுக்குப் புதுக் கம்பிக்கு 550, செட்டப் கூலி 800, கரகரத்த ஜாக்கை மாற்றியதற்கு 200, ஆக 1,550 ரூபாய் ஆனது. பாதி விவாதம் அங்கேயே அடங்கிவிட்டது. அந்தத் தங்கை இப்போது வாசிக்கிறாள்.

மீதிப் பாதிக்குக் கணக்குப் போட்டோம். பிக்கப் செட் 6,000, ட்யூனிங் கீ 2,000, பாலம் 2,500, நட் 600, மாட்டும் கூலி 1,500. மொத்தம் 12,600. கிடாரின் விலையையும் சேர்த்தால் 16,100. கடையில் நாங்கள் வாசித்துப் பார்த்த, கழுத்து நேராகவும் ஃபிரெட் ஓரங்கள் கையைக் கீறாமலும் இருந்த ஒரு கிடார் 19,500. வித்தியாசம் 3,400 ரூபாய்தான். இன்னொன்றும் உண்டு: எத்தனை ஆயிரத்துக்குப் பாகம் மாட்டினாலும், விற்கப் போனால் 3,500 ரூபாய்க் கிடாரின் விலைதான் கிடைக்கும். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ டிரஸ் ராட் இறுகிப்போயிருந்தாலோ ஃபிரெட்டுகள் தேய்ந்திருந்தாலோ ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கழுத்து நன்றாக இருந்தால் முதலில் செட்டப், பிறகு நட்டும் ட்யூனிங் கீயும். பிக்கப் கடைசி.

ஒரு தோழர் கேட்டார்: "வறுமையில் வாசித்தவர்கள் எல்லாம் நல்ல கிடாரிலா வாசித்தார்கள்?" நியாயமான கேள்வி. மிசிசிப்பியில் கறுப்பினக் குழந்தைகள் வீட்டுச் சுவரில் துடைப்பக் கம்பியை ஆணியடித்து வாசித்துப் பழகினார்கள். 1950-களில் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் மேசனைட் அட்டைப் பலகையிலும் உதட்டுச்சாயக் குழாயிலும் செய்த கிடார்கள் சியர்ஸ் கடைகள் வழியே மலிவாக விற்கப்பட்டன. அவற்றை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். மலிவு என்பதாலேயே ஒரு கருவி மட்டமாகிவிடாது. ஆனால் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த பி.பி. கிங், கிப்சன் கிடாரைக் கையில் எடுத்து 'லூசில்' என்று பெயர் வைத்துக் கொண்டாடினார். சுவர்க் கம்பியே போதும் என்று அவர்களில் யாரும் நின்றுவிடவில்லை.

'போதும்' என்ற சொல்லை நாம் சந்தேகிக்கத்தான் வேண்டும். கிடார் பார்க்கப் போன ஒரு கடையில், நாங்கள் கேட்டதை எடுத்துக் காட்டாமலேயே, "உங்களுக்கு இது போதும்" என்று ஒன்றை நீட்டினார்கள். எந்த ஊர், எந்தப் பக்கம் வீடு என்றும் விசாரித்தார்கள். 1927-இல் மகாடில் அண்ணல் நடத்திய போராட்டம் வெறும் தாகம் தீர்ப்பதற்கானது அல்ல. பொதுக்குளத்துத் தண்ணீரில் எல்லோருக்கும் சமபங்கு என்று நிறுவுவதற்கானது. நமக்கு எது போதும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும், கடைக்காரர் அல்ல. அதே நேரம் கிடாரின் தலையில் இருக்கும் பெயருக்காகக் கடன் வாங்குவதும் நமக்கு வேண்டாம். கல்வி உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத பிள்ளைகளின் சந்தாதான் குழுவின் பணம்.

முடிவாக என்ன செய்தோம்? பழைய கிடாரை செட்டப்போடு நிறுத்திக்கொண்டோம். மீதி 12,450 ரூபாயோடு இன்னும் 7,050 சேர்ந்ததும் அந்த 19,500 ரூபாய்க் கிடாரை வாங்குவது என்று தீர்மானம் போட்டோம். அது குழுவின் பெயரில் இருக்கும், தனி ஒருவரின் வீட்டில் தங்காது. நன்றாக வாசிப்பவருக்கு நல்லது, கற்றுக்கொள்பவருக்குப் பழையது என்ற ஏற்பாடு கிடையாது. முறைவைத்து எல்லோர் கைக்கும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கிடாருக்கும் செட்டப் பார்க்கும் பொறுப்பை அந்தத் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு எச்சரிக்கை. எந்தக் கிடாராக இருந்தாலும், தெருமுனை மேடையில் எர்த் இல்லாத லைனில் ஆம்பைச் செருகாதீர்கள். கை கிடார்க் கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயலாம். உயிர் போகும். ஏப்ரல் 14 மேடைக்கு முன் எர்த்தைச் சோதித்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஜெய் பீம்.